நாட்டு மருந்துதானே என்று விழுங்கலாமா?

எங்கள் பார்சல் ஆபீஸ் நண்பர் முழங்கால் வலிக்கு ‘நானோ மஞ்சள்’ மாத்திரை வாங்கினார். “நாட்டு மருந்துதானே, என்ன செய்துவிடும்?” என்றார்.

மஞ்சளிலுள்ள குர்குமின் தண்ணீரில் கரையாது. விழுங்கினால் பெரும்பகுதி இரத்தத்தில் சேராமல் கழிந்துவிடும். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்காகப் பொடித்தால் குடல் எளிதில் ஏற்கும். மிளகுச் சத்தும் அவ்வாறே உதவும் என்று 1998-இல் பெங்களூர் ஆய்வு காட்டியது.

விஞ்ஞானம் பாராட்டத்தக்கதே. ஆனால் அதிகம் சேர்வதெல்லாம் நன்மையல்ல. இத்தகைய மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் கெடலாம் என்று 2023-இல் ஆஸ்திரேலிய அரசு எச்சரித்தது. குழம்பு மஞ்சளுக்கு அந்தப் பயம் இல்லை.

இந்த எச்சரிக்கையை இங்கும் மாத்திரை அட்டையில், தொழிலாளிக்குப் புரியும் மொழியில் அச்சிட அரசு உத்தரவிட வேண்டும். அதுவரை டாக்டரைக் கேட்காமல் விழுங்காதீர்கள்!