சுவரிலிருந்த சிலந்தியும் விளக்கடி வண்டும்

மாரி மழை தொடங்கி வயல்கள் நனைந்துவிட்டால், மாலை வேளைகளில் நம் வீடுகளுக்கு அழையா விருந்தினர் பலர் வந்து சேருவர். ஈசல், விட்டில், தத்துவெட்டி, பெயரறியாச் சிறு வண்டுகள் என்று மின்குமிழின் கீழே ஒரு திருவிழாவே நடைபெறும். மின்சாரமில்லாத 1990களில் யாழ்ப்பாணத்து ஜாம் போத்தல் விளக்கின் முன்னிருந்து படித்த நமக்கு, அவற்றை உற்று நோக்க அன்று மனமுமிருக்கவில்லை. படம் பிடிக்கக் கருவியுமிருக்கவில்லை. இன்றோ பெரும்பாலான வீடுகளிற் படம் பிடிக்கும் தொலைபேசி ஒன்றாயினும் இருக்கின்றது. அதனை மாப்பிள்ளை பெண்ணுக்கும் மதிய உணவுக்கும் நேரே மட்டும் நீட்டுவானேன்?

சென்ற மாரியில் நம் மாணாக்கன் ஒருவன் கழுத்திலே சுட்ட புண் போன்ற சிவந்த கோடொன்றுடன் வகுப்புக்கு வந்தான். கோட்டின்மேற் சிறு கொப்புளங்கள். என்னவென்று வினவினோம்.

“எட்டுக்கால்பூச்சி பெய்திட்டுதாம், சேர். அம்மம்மா சொன்னவ.”

தீர்ப்பு மட்டுமன்று, தண்டனையும் முந்திய நாளே நிறைவேறிவிட்டது. படிக்கும் அறைச் சுவரிலிருந்த பெரிய சிலந்தியை அம்மம்மா விளக்குமாற்றால் அடித்துவிட்டார். அடிபடுமுன் பையன் அதனைப் படம் பிடித்திருந்தான். தட்டையான உடல், நீண்டு விரிந்த கால்கள், வயிற்றின் கீழே வெள்ளை வில்லை போன்ற முட்டைப்பை. இது வலை பின்னாத வேட்டைச் சிலந்தி. இரவிற் சுவரிலே திரிந்து கரப்பான் பூச்சியைப் பிடித்துண்பது இதன் தொழில். நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள் கொண்ட பையைத் தாய்ச் சிலந்தி குஞ்சு பொரிக்கும்வரை சுமந்து திரியும். ஆனைக்காவிலே இறைவனுக்கு வலைப்பந்தரிட்ட சிலந்தி, கோச்செங்கட் சோழனாய்ப் பிறந்த கதையைக் கோயிலிற் கேட்டுக் கண்ணீர் சொரிபவர்தாம் அம்மம்மா. வீட்டிலே சிலந்திக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

சிலந்தி பெய்து தோல் இவ்வாறு வெந்து போவதில்லை என்று நாம் கூறியதை அவன் நம்பியதாகத் தோன்றவில்லை. அம்மம்மாவின் சொல்லுக்கு எதிரே ஆசிரியர் சொல் எம்மாத்திரம்! ஆகவே, விளக்கடிக்கு இரவில் வருவனவற்றையெல்லாம் தொடாமற் படம் பிடித்து வருமாறு பணித்தோம்.

முதல்நாட் படங்களிற் செம்மஞ்சள் நிறக் கீறல்கள் தவிர வேறெதுவும் தெரியவில்லை. குற்றம் கருவியினதன்று, முறையினது. மேசையில் வெள்ளைத்தாளை விரித்து விளக்கை ஒரு பக்கமாக வைத்தல் வேண்டும். முழங்கைகள் இரண்டையும் மேசையில் ஊன்றாவிடிற் கை நடுங்கும். இத்துணைச் சிற்றுயிரைப் படம் பிடிக்கையில் மயிரிழை நடுக்கமும் படத்தைக் கெடுக்கும். மிக அண்மையிற் சென்றால் உருவம் தெளியாது. சற்றே பின்வாங்கித் திரையிற் பூச்சியின் கண்ணிருக்குமிடத்தைத் தொட்டுத் தெளிந்தபின் எடுத்து, வேண்டிய பகுதியைப் பிறகு வெட்டியெடுத்தல் நன்று. பளிச்சிடும் ஒளி வேண்டா. வண்டின் முதுகு கண்ணாடிபோல் மினுங்கி நிறத்தை மறைத்துவிடும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அளவறிய அருகே ஒரு நாணயம். நாளும் இடமும் குறிப்பேட்டில் எழுதப்படல் வேண்டும். பூச்சியைக் குளிர்ப்பெட்டியிலிட்டு மயக்கிப் படம் பிடிப்போரும் உளர். அதனை நாம் விரும்புவதில்லை.

நான்காம் இரவிற் குற்றவாளி அகப்பட்டது. ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைந்த நீளம். எறும்போவென ஐயுறத்தக்க உருவம். கருந்தலை, செம்மஞ்சள் உடல், நடுவே நீலம் மினுங்கும் குறுகிய சிறகுறை, வால்நுனி கறுப்பு. பெடரஸ் என்னும் வண்டினம் இது. கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. ஆனால் இதன் உடல் நீரிலே பெடரின் என்னும் நஞ்சுண்டு. கழுத்தில் ஊர்வதை நாம் அறியாது கையால் தேய்த்து நசுக்கும்போது அந்நீர் தோலிற் படிகின்றது. உடனே எரிவதில்லை, பெரும்பாலும் மறுநாளே சிவந்து கொப்புளிக்கும். இந்தத் தாமதமே சுவரிற் சும்மாவிருந்த சிலந்திமேற் பழியைச் சுமத்துகின்றது. நசுக்கிய கோட்டிலேயே புண் வருவதும், முழங்கை மடிப்பிற் பட்டால் எதிர்ப்பக்கத்திலும் அதே அச்சுப் பதிவதும் இதன் அடையாளங்கள்.

மேலே ஊர்ந்தால் ஊதித் தள்ளுதலே தக்கது. நசுங்கிவிட்டாற் சவர்க்காரமிட்டு நீராற் கழுவுக. அந்தக் கையாற் கண்ணைத் தொடலாகாது. கண்ணிற் பட்டால் வைத்தியரிடம் செல்லத் தாமதிக்க வேண்டாம். இனி இவ்வண்டை ஒழிக்க முற்படுவோருக்கும் ஒரு வார்த்தை: வயலிலே நெற்பயிரைக் கெடுக்கும் தத்திகளை இது பிடித்துண்கின்றது. விளக்கை நாடி வீட்டுக்கு வருவதே இதன் தவறு. யன்னலுக்கு வலையடித்தாற் போதும்.

பையன் படத்தை அம்மம்மாவிடம் காட்டினானாம். மூக்குக்கண்ணாடியை அணிந்து நெடுநேரம் பார்த்த அவர், “இந்தச் சின்னனோ இவ்வளவு வேலை பார்த்தது?” என்றாராம். அலுமாரியின் பின்னே இப்பொழுது வேறொரு சிலந்தி குடியேறியிருக்கின்றது. விளக்குமாறு கதவடியிலேயே நிற்கின்றதாயினும், அதன்மேல் இன்னும் பிரயோகமாகவில்லை என்று அறிகின்றோம்.

பையனுக்கோ படப்பித்து முற்றிவிட்டது. சென்ற கிழமை மாமரத்து இலையிலிருந்த முசுறு ஒன்றின் படத்தைக் கொணர்ந்தான். முசுற்றிலே என்ன புதுமை என்றோம்.

“காலை எண்ணுங்கோ, சேர்.”

எண்ணினோம்; எட்டு. முசுற்றைப் போலவே நிறமும் உடலும் கொண்டு, முன்னங்கால்களை உணர்கொம்புகள் போலத் தூக்கிக்கொண்டு, முசுற்றுக் கூட்டின் அயலிலேயே வாழும் பாய்ச்சற் சிலந்தி அது. அந்த மாமரத்தின் கீழே பன்னிரண்டு ஆண்டுகளாக நாம் துவிச்சக்கர வண்டியை நிறுத்தி வருகின்றோம்.