காசில் எந்த ஆண்டு?

ராஜபாளையத்தில் பழைய சில்லறை டப்பாவைக் கவிழ்த்தால், காந்தி தலை போட்ட மஞ்சள் இருபது பைசா ஒன்று உருண்டு வரக்கூடும். அதில் 1869–1948 என்றிருக்கும். 1948-இல் அடித்த காசு என்று நினைத்தால் தப்பு. அப்போது புழங்கியது அணாக் கணக்கு. புதுப் பைசா வந்ததே 1957-இல்தான். காந்தி நூற்றாண்டையொட்டி 1969-இல் வந்த காசு அது. வாழ்ந்த காலம் உண்டு, அச்சான ஆண்டு இல்லை.

தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டை 2010 என்று வைத்து ஐந்து ரூபாய், ஆயிரம் ரூபாய் நாணயங்கள் வெளியாயின. கல்வெட்டில் 1010 என்ற எண் கிடையாது. ராஜராஜன் விமானத்துக்குச் செப்புக் கலசம் கொடுத்தது தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள் என்றுதான் இருக்கிறது. பட்டமேறிய 985-இலிருந்து எண்ணி 1010-ஐக் கண்டவர்கள் ஆய்வாளர்கள்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் கதையே வேறு. ஆண்டாள் பிறந்தது ஆடிப்பூரம், தேரோட்டமும் அன்றுதான். ஊர் கொண்டாடுவது நாளைத்தான், ஆண்டை அல்ல. திருப்பாவையில் வரும் வெள்ளி, வியாழன் குறிப்பைக் கொண்டு 731 என்று கணித்தார் தமிழறிஞர் மு. இராகவையங்கார், எல்லோரும் ஒப்பவில்லை. ஆண்டாளுக்கு நினைவு நாணயம் என்றால், அக்கசாலை எந்த எண்ணைப் பொறிக்கும்? பூரம் என்று நட்சத்திரத்தைப் போட்டுவிடலாம்!