வால்வை மாற்ற முதல் மீற்றரை எடுங்கோ

வால்வு அம்பிளிஃபயர் ஒன்று பழுதானால் யாரைக் கேட்டாலும் முதல் சொல்வது, "வால்வை மாத்திப் பார்" என்பதுதான். எனக்கு இந்தப் புத்திமதியோடு துளியும் உடன்பாடில்லை. கடைக்காரர் சொன்னால் அது வியாபாரம், விட்டுவிடலாம். விஷயம் தெரிந்தவர்களும் சொல்கிறார்கள். 2022 இல் உக்ரைன் போர் தொடங்கியபிறகு ரஷ்ய வால்வுகளின் விலை ஏறிய ஏற்றத்துக்கு, ஊகத்தில் வாங்கிச் செருகிப் பார்க்கிற சாமான் இல்லை அது.

எங்கள் உணவகத்தில் இறைச்சி வெட்டுகிற போர்த்துக்கீசர் தன் கையாலேயே ஒரு அம்பிளிஃபயர் செய்து வைத்திருக்கிறார். முன்னுக்கு ஒரு ஈசிசி83, பிறகு பக்கத்துக்கு ஒரு ஈஎல்84. பக்கத்துக்கு நாலு வாட்ஸ் வந்தால் பெரிய விஷயம். பாரிஸ் வீடுகளின் சுவருக்கு அது தாராளம் :-) போன மாரியில் இடது பக்கச் சத்தம் கரகரத்தது. பத்து நிமிஷம் போக அந்த ஈஎல்84 இன் உள்தகடு அடுப்புக் கம்பி மாதிரிச் சிவந்தது. ஒரு கடையில் புதுச்சோடி வாங்கிப் போடச் சொல்லியிருக்கிறார்கள். போட்டார். புதிசும் சிவந்தது. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்.

நான் யாழ் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலைப் பாதியில் விட்டு 2006 இல் வெளிக்கிட்டவன். எலெக்ட்ரோனிக்ஸ் எனக்குத் தொழில் இல்லை. ஆனால் ஓமின் விதி பாதியில் நிற்காது.

கடையில் வாங்கின பெட்டிக்குப் படம் கிடைக்கும். வீட்டில் செய்ததுக்குப் படம் செய்தவரின் தலைக்குள் இருக்கும், அதுவும் சில வருஷத்தில் அழிந்துவிடும். ஆகவே முதல் வேலை, மின்சாரம் கொடுக்காமல், வயர் வயராகப் பின்தொடர்ந்து படம் கீறுவது. மனுஷன் எல்லாத்துக்கும் ஒரே சிவப்பு வயர் போட்டிருந்தார். கடை பூட்டினபிறகு இரண்டு இரவு போனது.

இதைச் செய்ய நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேணும். உள்ளே 250, 300 வோல்ற் நேர்மின்னோட்டம் இருக்கிறது. பிளக்கைக் கழற்றினாலும் பெரிய கப்பாசிற்றர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்குரூ டிரைவரால் தொட்டுப் பொறி பறக்கவிடுவது வீரமில்லை. 10 கிலோ ஓம், 5 வாட்ஸ் ரெசிஸ்ரர் ஒன்றை, நன்றாக உறையிட்ட வயரில் கட்டி அதற்கூடாக இறக்குங்கள், பிறகு மீற்றரால் பாருங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஓடவிடாதேங்கோ, வெளியீட்டு ரான்ஸ்போமர் போய்விடலாம். முதல்தரம் போடும்போது மெயின்ஸ் வயரில் தொடராக ஒரு பழைய 60 வாட்ஸ் இழை பல்பு இருந்தால் நல்லது. உள்ளே எங்காவது சோட்டானால் பல்பு முழுசாக எரியும், அம்பிளிஃபயர் தப்பும். எல்.ஈ.டி பல்பு இதுக்கு உதவாது.

இனி அளவு. ஈஎல்84 இன் கதோட்டில் 150 ஓம் ரெசிஸ்ரர். நல்ல பக்கத்தில் அதன் குறுக்கே 7.4 வோல்ற், அதாவது கிட்டத்தட்ட 49 மில்லி அம்பியர். சரியான கணக்கு. சிவக்கிற பக்கத்தில் 12.6 வோல்ற், 84 மில்லி அம்பியர். 12 வாட்ஸ் தாங்குகிற தகடு சிவக்காமல் என்ன செய்யும்? பூச்சிய வோல்ற்றில் இருக்கவேண்டிய கிரிட்டில் எட்டு வோல்ற் நேராக நின்றது.

இந்த இடத்தில் இரண்டு பேரில்தான் சந்தேகம். முன் வால்விலிருந்து வருகிற இணைப்புக் கப்பாசிற்றர் ஒழுகலாம், இல்லாவிட்டால் வால்வே கெட்டிருக்கலாம். நிற்பாட்டி, அந்த ஈஎல்84 ஐக் கழற்றிவிட்டு, திரும்பப் போட்டு அதே காலில் அளந்து பார்ப்பதுதான் சோதனை. வோல்ற் போய்விட்டால் குற்றவாளி வால்வு. போகாவிட்டால் கப்பாசிற்றர். போகவில்லை. சந்தையில் வாங்கிய பழைய ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றிப் போட்ட 0.1 மைக்ரோ ஃபரட் காகிதக் கப்பாசிற்றர் அது. அழகாய் இருந்ததாம்! புது 630 வோல்ற் பொலிபுரோப்பிலீன் ஒன்று இரண்டு யூரோவும் இல்லை.

இரைச்சலுக்கும் இதே கதைதான். இங்கே மெயின்ஸ் 50 ஹேர்ட்ஸ். முழுஅலைத் திருத்தி என்றால் மின்வழங்கியின் கப்பாசிற்றர் காய்ந்தால் கேட்பது 100, கொஞ்சம் கரடான ஊங்காரம். அடித்தொண்டை முனகல் மாதிரி 50 கேட்டால் ஹீற்றர் வயரையும் எர்த்தையும் பாருங்கள். காதே பாதி மீற்றர். இதிலும் வால்வு மாற்றுவது கடைசி வேலைதான்.

1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபிறகு சைக்கிள் டைனமோ சுற்றி ரேடியோ கேட்டோம். பற்றரிக்கும் தடை. உதிரிப்பாகம் கண்ணிலும் காணக் கிடையாது. அப்போது ரேடியோ திருத்துகிறவர் பழுது எது என்று தெரியாமல் ஒரு சாமானையும் கழற்றமாட்டார், கழற்றினால் போடுவதற்கு வேறில்லை. எல்லாம் தபாலில் வருகிற ஊரில் இருந்துகொண்டு நாங்கள் அந்தப் பழக்கத்தை ஏன் விட்டோம் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

மற்றப் பக்கத்துக் காகிதக் கப்பாசிற்றரையும் மாற்றிவிட்டோம், அதுவும் அதே வயசுதானே. இரண்டு கதோட்டிலும் இப்போது 7.5 க்குக் கிட்ட நிற்கிறது. கீறின படத்தை அடித்தட்டின் உள்பக்கம் ஒட்டி, பக்கத்தில் வோல்ற்றுகளையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். சிவந்துபோன வால்வுகளை எறிய அவருக்கு மனமில்லை, ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.