வெற்றுத் திரையும் வேலைதான்

இலத்தூரில் ஒரு மாணவர் கைப்பேசியில் குற்றால அருவியின் வீடியோவைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படம் முடிகிறது, திரை கறுக்கிறது. படம் இல்லாவிட்டால் கறுப்புதானே, இதில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். வேலை உண்டு, மாணவ நண்பர்களே. கடைசிக் காட்சி நினைவகத்தில் அப்படியே கிடக்கும். யாராவது அழித்தால்தான் அது போகும்.

1920-க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 4 பைட் எனில் ஏறத்தாழ 83 லட்சம் பைட். வினாடிக்கு 60 முறை அழித்தால் ஏறக்குறைய 50 கோடி பைட். புதிதாக நிரல் எழுதுவோர் சிலர் மையச் செயலியைக் கொண்டு புள்ளிதோறும் கறுப்பை எழுதி, அதை வரைகலைச் செயலிக்கு அனுப்புகிறார்கள். எனக்கு இது சற்றும் உடன்பாடில்லை. ஒன்றுமில்லாததை மூட்டை கட்டி அனுப்ப மின்கலத்தைச் செலவிடுவானேன்?

வரைகலைச் செயலியிடமே "அழி" என்று சொல்லிவிடலாம். 1992-இல் வெளிவந்த ஓப்பன்ஜிஎல்லிலேயே இதற்குத் தனிக் கட்டளை இருந்தது. இன்றைய செயலிகள் பலவும் அப்போதுகூட எல்லாப் புள்ளிகளையும் தொடுவதில்லை. திரையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு குறிப்பு மட்டும் வைத்துக்கொள்கின்றன. 8-க்கு 8 கட்டமானால் 32,400 குறிப்புகள் போதும். கிராமத்து அடங்கல் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சர்வே எண்ணுக்கு எதிரே "தரிசு" என்று எழுதினால் வயல் முழுவதற்கும் அந்த ஒரு சொல் போதும் அல்லவா?

வீடியோவில் இன்னொரு வேடிக்கை. அதில் ஒளியின் அளவு தனியாகவும் நிறம் தனியாகவும் வைக்கப்படுகின்றன. பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளிலும் வண்ண ஒளிபரப்பு தெரிய வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு இது. (நம் நாட்டில் வண்ண ஒளிபரப்பு 1982-இல் தொடங்கியது.) இந்த முறையில் கறுப்பு என்பது சுழியம் அன்று, ஒளி 16, நிற எண்கள் இரண்டும் 128. எல்லாவற்றிலும் சுழியத்தை நிரப்பினால் திரை இலத்தூர் வயலைப்போலப் பச்சைப் பசேல் என்று நிற்கும்!

அடுத்த படம் வந்து மூடிவிடும், ஏன் அழிக்க வேண்டும் என்பாரும் உளர். படம் திரை முழுவதையும் நிரப்பினால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் 4-க்கு 3 வடிவிலான பழைய படத்தை அந்தத் திரையில் காட்டினால், இருபுறமும் 240 புள்ளி அகலத்தில் பட்டைகள் எஞ்சும். அவற்றை ஒருமுறை அழித்தால் போதும், படந்தோறும் அழிக்க வேண்டியதில்லை. ஆயினும் கருவி இரண்டு மூன்று பரப்புகளை மாற்றி மாற்றிக் காட்டுமாதலால், எல்லாப் பரப்புகளிலும் அழிக்க வேண்டும். ஒன்றை விட்டால் பட்டைகளில் பழைய படம் மின்னி மின்னி மறையும்.

மின்னுவதையாவது கண்ணால் காணலாம். 2024 ஜனவரியில் டிரெயில் ஆஃப் பிட்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு குறையை வெளியிட்டது. ஆப்பிள், குவால்காம், ஏஎம்டி, இமாஜினேஷன் ஆகியவற்றின் சில வரைகலைச் செயலிகளில், ஒரு நிரல் அழிக்காமல் விட்டதை வேறொரு நிரல் படிக்க முடிந்தது. அது திரைப் பரப்பு அன்று, செயலிக்குள் இருக்கும் சிறு நினைவகம். அதை ஆராய்ந்தவர்கள் மற்றொருவர் செயற்கை நுண்ணறிவு நிரலிடம் பெற்ற பதிலையே அதிலிருந்து மீட்டெடுத்துக் காட்டினார்கள்.