அரங்கேறும் மகளுக்குப் பாட்டின் பொருள் தெரியுமா?

சூலக்கரையிலும் அதன் சுற்றூர்களிலும் பெண்மக்கள் ஆடல் பயிலக் காண்கின்றோம். விருதுநகர் அரசு இசைப்பள்ளியிலும் பரதம் கற்பிக்கின்றனர். முன்னாளில் கோயிற்பெண்டிரும் நட்டுவனாரும் காத்து, பின்னர்ச் சென்னைச் செல்வர் கைக்கொண்ட கலை, இன்று வெடிமருந்து படிந்த கையோடு வீடு திரும்பும் உழைப்பாளியின் மகளுக்கும் எட்டியிருக்கின்றது. இதனை யாம் உளமார வரவேற்கின்றோம்.

ஆயின், அரங்கேற்றத்திற்கு நாள் குறித்த பெற்றோர் எவற்றையெல்லாம் தேடி அலைகின்றனர்? பட்டு, நெற்றிச்சுட்டி, சலங்கை, ஒப்பனையாளர், படம்பிடிப்போர், விருந்து. கடன் வாங்கியேனும் இவற்றை முடிக்கின்றனர். “நீ ஆடப்போகும் பாட்டு என்ன சொல்கின்றது, அம்மா?” என்று மகளைக் கேட்டவர் எத்தனை பேர்? கேட்டால் அக்குழந்தை விழிக்கும். பாட்டு தெலுங்கிலோ வடமொழியிலோ இருக்கும். கை ஒன்றைக் காட்டும். கண் அதன் பின்னே செல்லும். உள்ளம் மட்டும் வெளியே நிற்கும்.

அரங்கேற்றம் நம் முன்னோர் கண்ட முறை. தொல்காப்பியம் நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன் அரங்கேறியதை அதன் பாயிரம் கூறும். நூலாயினும் ஆடலாயினும் வினவ வல்லார் முன் வைத்தலே அரங்கேற்றம். சிலம்பின் மாதவி ஐந்தாம் அகவையிற் பயிலத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையிற் சோழன் முன் ஆடினாள். தலைக்கோலிப் பெயரும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெற்றாள். அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என அளந்துரைக்கும் இளங்கோவடிகள், ஆடலாசான், இசையாசான், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோரோடு பாட்டியற்றும் புலவனையும் வைத்து அவனுக்குரிய தகுதியைக் கூறுகின்றார். அவன் தமிழில் முற்றிய புலமையுடையவனாதல் வேண்டும் என்பது அவர் வரையறை. இன்றைய அரங்கில் அப்புலவன் இருக்கைதான் வெறுமையாய்க் கிடக்கின்றது.

வேற்றுமொழி புகுந்ததற்கு வரலாறு உண்டு. இரண்டாம் சரபோசி (1798–1832) காலத்துத் தஞ்சை அரண்மனையில் இன்றைய ஆடல்வரிசையை ஒழுங்குசெய்தோர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வர். அவர்கள் தமிழரே, ஆயினும் நாயக்கர் காலந்தொட்டுத் தெலுங்கு அவைமொழியாய்ச் சிறந்திருந்தமையின் பாட்டுகள் பல தெலுங்காயின. சதிர் என வழங்கிய இக்கலை 1930களில் பரதநாட்டியம் எனப் புதுப்பெயர் பூண்டபோதும் அவ்வழக்கம் மாறவில்லை. தெலுங்கின்மேல் நமக்குப் பகையில்லை. அதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் பலர் இக்கரிசற்காட்டில் நம்மோடு கலந்து வாழ்கின்றனர். அவர் வீட்டுப் பெண் தெலுங்குப் பதத்தின் பொருளுணர்ந்து ஆடட்டும், அஃது அழகே. பொருளறியாது ஆடுதலையே யாம் மறுக்கின்றோம்.

“தமிழில் ஆடற்கேற்ற பாட்டு இல்லையே” என்பார் தம் மாவட்டத்தையே அறியாதவர். ஆண்டாள் பிறந்த திருவில்லிபுத்தூர் நமக்குப் பேருந்தேறிச் செல்லும் தொலைவுதான். அதற்கும் தெற்கே குற்றாலம். அவ்வூர்க் குறவஞ்சியை 1944-இல் உருக்குமணி தேவி தம் கலாசேத்திராவின் ஆடல் நாடகமாக மேடையேற்றினார். முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, கனம் கிருட்டிணையர், கவிகுஞ்சர பாரதி எனத் தமிழ்ப் பதம் தந்தோர் வரிசை நீளும்.

எனவே, பெற்றோரே, ஆறு திங்களுக்கு முன்பே ஆசிரியரை அணுகி, எப்பாட்டு, எம்மொழி, என்ன பொருள் எனப் பணிவோடு கேளுங்கள். நடுப்பாட்டான வண்ணமேனும் தமிழில் அமையுமாறு வேண்டுங்கள். நல்லாசிரியர் இதற்குச் சினவார். வேற்றுமொழிப் பாட்டொன்று தவிர்க்க இயலாதெனின், அதன் பொருளைத் தமிழில் எழுதி வாங்கிச் சொல்லுக்குச் சொல் மகளுக்கு விளக்குங்கள். மாலைதோறும் அவள் அதனைப் பாட்டிக்குக் கதையாகச் சொல்லட்டும். தீப்பெட்டி ஒட்டியே முதுமையெய்திய அம்மூதாட்டிக்கு விளங்குமாறு சொல்லிவிட்டாளெனின், மெய்ப்பாடு முகத்தில் தானே வந்தமரும். அழைப்பிதழையும் தமிழில் அடியுங்கள். சிவகாசியை அருகில் வைத்துக்கொண்டு அச்சகத்திற்கா பஞ்சம்? முன்வரிசையில் ஓரிருக்கையை அப்பாட்டிக்கென ஒதுக்குங்கள். படம்பிடிப்போர் பின்னே நிற்கட்டும்.