பெண்கள் பெயரில் ஒரு காணி



மனை விலையைத் தவிர வேறு பேச்சில்லாத நம் வானகரம் பகுதியில், கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் நெடிய வாழ்வை நினைப்பது தகும். 1926இல் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதனை 1950இல் மணந்தார். மணந்த கையோடு கணவர் வினோபாவுடன் நடக்க வடநாடு சென்றார். இவர் சென்னையில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். பின்னர் இரு மக்களுக்குத் தாயானார். மகனின் பெயரிலேயே பூமி இருக்கிறது: பூமிகுமார்.

1968 டிசம்பர் 25. பாலன் பிறப்பை நாம் கொண்டாடிய அந்நாளின் இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டதே அவர்கள் செய்த குற்றம். செய்தியறிந்த தம்பதியர் அப்பகுதிக்கே பணி செய்யச் சென்றனர்.

1981இல் 'லாப்டி' இயக்கம் பிறந்தது. நிலக்கிழாரையும் நிலமற்றோரையும் ஒன்றாய் அமர்த்தி, விலை பேசி, கடன் பெற்று, நிலத்தைப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்தார் அம்மையார். ஆண்கள் பெயரில் எழுதியிருந்தால் எத்தனை காணி சாராயக் கடைக்குப் போயிருக்குமோ! குடும்பத் தலைவர்கள் என்மீது சினங்கொள்ள வேண்டாம்.

2013இல், 98ஆம் வயதில், கணவர் மறைந்தார். அதன் பின்னரும் ஏழைகளின் கூரைக் குடிசைகளைக் கல் வீடுகளாக்கும் வேலையை அவர் விடவில்லை.