ஊருணிக்கே முதலிடம்

இராயவரம், கோனாபட்டு, பனையப்பட்டி, இராமச்சந்திரபுரம் முதலிய ஊர்களுக்குச் சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும்போதெல்லாம், வெளியூரார் பெரிய வீடுகளின் முன் நின்று படம் எடுப்பதைக் காண்கிறோம். பர்மாத் தேக்குத் தூண்களும் சித்திர வேலைக் கதவுகளும் யாரையும் நிறுத்தத்தான் செய்யும். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. மகிழ்ச்சியே. ஆயினும் படம் எடுப்போர் ஊருணிப் பக்கம் திரும்புவது அரிது.

காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு வந்து குடியேறியவர்கள் என்பது நகரத்தார் மரபுச் செய்தி. ஆறு இல்லாத வறண்ட மண்ணில் அவர்கள் ஊர் அமைத்த முறையை நன்கு கவனிக்க வேண்டும். ஓட்டுக் கூரையில் விழும் மழை வளவில் இறங்கும்; அங்கிருந்து வடிகால் வழியே தெருவை அடையும்; தெருவின் சரிவு அதை ஊருணியில் சேர்க்கும். வீடும் தெருவும் குளமும் ஒரே கணக்கில் போடப்பட்டவை. செம்புறாங்கல் படித்துறை அந்தக் கணக்கின் கடைசி வரி.

வீடுகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம், 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்தது, 1937இல் 25 பங்காயிற்று. நெல் விலை வீழ்ந்து கடன் திரும்பாமையே காரணம். அந்த வயல்களைத் திருத்த முதல் தந்தவர்களும் அவர்களே என்பதை மறுக்கவில்லை. ஆனால் உழவனின் கடனை அறிந்த நாம், அவ்வீடுகளை வியப்போடு மட்டும் பார்க்க இயலாது. ஊருணியும் குறையற்றதன்று, எல்லாச் சாதியாரும் அதில் நீர் முகந்தனர் என்று எழுதினால் அது பொய்யாகும். இன்று அதைக் காப்பவர்கள் அந்தக் குறையையும் நீக்கியே காக்க வேண்டும்.

ஜெர்மனியில் வெயர்புஷ் என்றொரு சிற்றூர். 1846–47 பஞ்சத்தில் அவ்வூர்த் தலைவர் ரைபைசன் வசதியுள்ளோரிடம் பணம் திரட்டி, மாவு வாங்கி, ஊருக்குப் பொதுவாக ரொட்டி சுடும் அடுப்புக் கூடம் ஒன்றைக் கட்டுவித்தார். அவர் பின்னர் வகுத்த கிராமக் கடன் சங்க முறையையே, நிக்கல்சன் சென்னை அரசுக்கு அளித்த அறிக்கையில் பரிந்துரைத்தார். 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம் அதன் பின் வந்தது. நம் இயக்கத்தின் மூலவரை நினைப்போர் மாளிகையைத் தேடிப் போவதில்லை, அடுப்பைத்தான் நினைக்கிறார்கள்.

நம் ஊர்களில் வாரிசுகள் பெருகிப் பாகம் பிரியாத வீடுகள் இடிக்கப்பட்டு, தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. வருத்தமே; ஆனால் அது உரிமையாளர் பாடு. ஊருணியின் வரத்துக்கால் தூர்ந்தாலோ ஊரே இழக்கிறது. சுற்றுக் கிணறுகளின் ஊற்று தளர்கிறது. உப்பு நீரில் சாயம் சரியாக ஏறாது என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

நிகர லாபத்தில் பொது நன்மை நிதிக்கு ஒதுக்கிய தொகை, சில சங்கங்களில் ஆண்டுக்காண்டு ஏட்டில் மட்டுமே வளர்வதைப் பார்க்கிறோம். ஊருணி ஊராட்சியின் பொறுப்பு, சங்கத்துக்கு என்ன வேலை என்று தலைவர்கள் கேட்கிறார்கள். பொறுப்பு ஊராட்சியுடையதே; எனவே முதலில் ஊராட்சியின் இசைவைத் தீர்மானமாகப் பெறுங்கள். பிறகு துணைவிதிகளைப் பார்த்து, பொதுக்குழுவில் வைத்து, வரத்துக்கால் ஒன்றையேனும் வெட்டித் திருத்துங்கள். ஆக்கிரமித்தவர் சங்க உறுப்பினராகவே இருக்கக்கூடும். கூட்டத்தில் கூச்சல் எழும். எழட்டும். ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிய வேண்டுமானால், ஆடியிலேயே கூட்ட அறிவிப்பை அனுப்பிவிடுவது நலம்.